தானாகப் பொங்கிய மாவு

ரொட்டிக்கடைக்காரர் தன் அக்காவுக்கு எண்ணூற்று நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தார். வாங்கியபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது தலையில் கறுப்பு முடியைத் தேடினால்தான் கிடைக்கும். இத்தனை காலத்தில் அந்தக் கடன் குறையவும் இல்லை, வட்டி ஏறவும் இல்லை. கொடுக்க வழியில்லாமல் அல்ல. வாங்கிக்கொள்ள வேண்டியவள் கையை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

வேறு எவனுக்கும் அவர் பாக்கி வைத்ததில்லை. மாவு மூட்டை வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே காசு இறங்கிவிடும். நாலாம் வகுப்போடு படிப்பை ஏறக்கட்டியவர். அடுத்தவன் அடுப்பில் சாம்பல் அள்ளி, தட்டு கழுவி, மாவு பிசைந்து, அந்த மாவு மூட்டை மேலேயே படுத்து எழுந்து ஆளானவர். இன்றைக்குக் கடை மூன்று ஷட்டர் அகலம். மேலே சொந்த வீடு. ஒரு மணி நேரத்தில் எத்தனை ரொட்டி வெளியே வரும் என்று கேட்டுவிட்டு யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர முடியாது. முதல் அடுப்பிலிருந்து தொடங்கி இன்றைய அடுப்பு வரைக்கும் சொல்லித்தான் விடுவார். கல்லாவுக்கு மேலே அவருடைய படம் பெரிதாக மாட்டியிருந்தது. உயிரோடு இருக்கிறவர் தன் படத்தைத் தானே மாட்டிக்கொள்ளலாமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, "நான் செத்தப்புறம் மாட்டினா நான் எப்படிய்யா பார்க்கிறது?" என்றார்.

பெருமை பேசுகிறவர்தான். பேசும் அளவுக்கு உழைத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை பேர் உழைக்காமலேயே பேசுகிறார்கள்!

ஆனால் "யார்கிட்டயும் கைநீட்டாம வந்தவன் நான்" என்று சொல்ல வாயெடுக்கும்போது மட்டும் பாதியில் நிறுத்திப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். ஒரே ஒரு ஆளிடம் கைநீட்டியிருந்தார். சரியாகச் சொன்னால் நீட்டக்கூட இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காவும் தம்பியும்தான் வீடு. அக்கா ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கும் வேலையில் இருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது தம்பி, "சொந்தமா ஒரு அடுப்பு இருந்தா நான் ஜெயிச்சுடுவேன்க்கா" என்றார். மறுநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது அம்மாவின் தங்க வளையல் இரண்டும் கையில் இல்லை. எண்ணூற்று நாற்பதைத் தம்பியின் சட்டைப் பையில் திணித்து, "போய் அடுப்பு வாங்கு" என்றாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் உலை வைத்தாள். அதைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடை காலூன்றியதும் அவர் அந்தப் பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

"என்னடா இது?"

"நீ குடுத்தது."

"நான் கடனாவா குடுத்தேன்? எடுத்துட்டுப் போ."

அன்றைக்குத் தொடங்கியது இந்த இழுபறி. வளையலாகவே செய்து கொண்டுபோனார். அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது அக்கா அதைப் பெண்ணின் கையில் மாட்டிவிட்டாள். அக்கா பெயரில் வங்கியில் போட்டார். அந்தப் பணத்தில் பள்ளிக்கூட ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வந்து இறங்கியது. மாடியில் தனி அறை கட்டி, சாவியைக் கொண்டுபோய் நீட்டினார். "உன் வீட்டு மாடியில இருந்தா நீ கீழ அடிச்சுக்கிற பெருமையெல்லாம் என் காதுல விழும். எனக்கு வயசாச்சு, தாங்காது" என்று சொல்லித் தெருக்கோடியிலிருந்த தன் ஒற்றை அறையிலேயே இருந்துவிட்டாள்.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னல், சுவரில் ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் படம். வேறு எந்தப் படமும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். வேலைக்குப் போன அத்தனை வருஷமும் குழாய் கழுவிக்கொண்டே வகுப்பில் நடந்த பாடமெல்லாம் கேட்டவள். அந்தப் பாடத்தில் அவளுக்குக் கடவுள் தொலைந்துபோனார். அழுதுகொண்டோ கோபப்பட்டோ தொலைக்கவில்லை. பழைய சட்டை சின்னதாகிப் போனால் மடித்து வைப்பதில்லையா, அந்த மாதிரி மடித்து வைத்துவிட்டாள்.

தம்பி நேர்மாறு. விடிகாலையில் அடுப்பின் கதவைத் திறக்கும் முன் இரண்டு கையையும் கூப்பி, "எல்லாம் உன் வேலை, நான் சும்மா" என்பார். நாள் முழுக்க எல்லாம் என் வேலை என்று பேசுகிறவர் அந்த ஒரு நிமிஷம் மட்டும் அப்படிச் சொல்வார். அதை மனதாரத்தான் சொல்வார்.

சாயங்காலம் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு பொட்டலம் ரொட்டியோடு அக்கா வீட்டுக்குப் போவார். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒரே விஷயம்தான்.

"அக்கா, என் கடை தானா வந்துச்சா?"

"இல்ல. நீ கட்டின."

"அவ்வளவுதான். இத்தனூண்டு கடைக்கே ஒருத்தன் வேணும். இவ்வளவு பெரிய உலகம் மட்டும் தானா வந்துச்சாம்!"

"கடையை நீ கட்டின. உன்னை அம்மா பெத்தா. அம்மாவை அவங்க அம்மா. அப்படியே பின்னாடி போய்க்கிட்டே இரு. கடைசியில யாரு நிக்கிறா?"

"அவன் நிக்கிறான்."

"அவனை யாரு பெத்தா?"

"அவன் யாரும் பெறாம வந்தவன்."

"யாரும் பெறாம ஒருத்தன் வரலாம்னா உலகமே அப்படி வந்துட்டுப் போகட்டுமே. நடுவுல எதுக்கு ஒரு ஆளு? கமிஷனுக்கா?"

அவர் ரொட்டியை மென்றுகொண்டே யோசிப்பார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. முதல் போடாம வியாபாரம் கிடையாது. யாரோ முதல் போட்டிருக்கான்."

"போட்டவன் திருப்பிக் கேட்டானா?"

"கேட்கலை. அதான் கடவுள்."

அக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுவாள். பிறகு, "எல்லாம் ஒரு புள்ளிக்குள்ள இருந்துச்சுன்னு வாத்தியார் சொன்னார். அதுக்கு முன்னாடி என்னன்னு ஒரு பொண்ணு கேட்டா. அவர் தெரியாதும்மான்னார். தெரியாதுன்னு சொன்ன வாத்தியாரை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்பாள்.

இந்தப் பேச்சில் அவர் எப்போதும் கடைசியாக இறக்கும் சரக்கு ஒன்று உண்டு. தாய்மாவு. கடையில் அவர் பாக்கெட் ஈஸ்ட் வாங்குவதே கிடையாது. புளித்துப் பொங்கிய மாவில் தினமும் ஒரு கைப்பிடி எடுத்துப் பீங்கான் ஜாடியில் வைப்பார். அதைக் கலந்தால்தான் அடுத்த நாள் மாவு பொங்கும். அதிலிருந்து மறுபடி ஒரு கைப்பிடி. கடை தொடங்கிய வாரத்தில், வெறும் மாவும் தண்ணீரும் கலந்து வைத்த ஒரு சட்டியை அவர் மறந்துபோய், பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே மாவு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கைப்பிடிதான் அன்றிலிருந்து இன்று வரைக்கும் அறுபடாமல் வந்திருக்கிறது. வாடிக்கையாளர்களிடம் அவர் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கு இல்லை. "நான் ஒண்ணும் பண்ணலை. அவன் வந்து ஊதிட்டுப் போனான். வெறும் மாவுக்கு உயிர் எங்கேருந்து வரும், சொல்லுங்க!"

"மாவுலயே இருக்குடா அது" என்பாள் அக்கா. "காத்துல இருக்கு. யாரு கலந்து வெச்சாலும் பொங்கும்."

"எங்க, பொங்க வெச்சுக் காட்டு."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

இப்படி வருஷங்கள் போயின. அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் வால்வு தளர்ந்துவிட்டது, இந்த வயதில் அறுக்க வேண்டாம், மாத்திரையில் ஓட்டலாம் என்றார். ஓட்டுகிற மட்டும் ஓட்டலாம் என்று அவர் சொல்லாமல் விட்டது தம்பிக்குக் கேட்டது. அக்கா அந்த வாரமே தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "பசங்க படிக்கட்டும்" என்றாள்.

அன்று இரவு ரொட்டிக்கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, தட்டுல கோலம் போட்டுட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் பணத்தை நான் யார்கிட்டக் குடுப்பேன்?"

"மேல போய்க் குடுங்க. மேல எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்குவோம்னு ஊருக்கே சொல்றவர் நீங்கதானே."

"நான் போவேன்டி. அவ வரணுமே! அங்க ஒண்ணுமே இல்லேங்கிறா. அவ ஒரு வார்த்தை சொன்னா அதுல நிப்பா."

மனைவி சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றே வேலையாயிற்று. அக்கா இருக்கும்போதே அவள் கையில் அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும். தான் நம்புவது சரியென்றால் கவலை இல்லை, அங்கே போய்க்கூட எண்ணி வைக்கலாம். அவள் சொல்வது சரியென்றால்? சின்ன வயதிலிருந்து அவள் சொல்லி எதுவும் தப்பாகப் போனதில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

இந்தக் கலக்கத்தில்தான் சுகாதார அதிகாரி கடையைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. மற்ற கடைக்காரர்கள் பயந்தார்கள், இவர் குஷியானார். சுத்தத்துக்குப் பெயர் வாங்கிய கடை. வேலையாட்களை ஒதுக்கிவிட்டுத் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தட்டு, மேசை, பிசையும் தொட்டி எல்லாம் பளபளத்தன. பீங்கான் ஜாடியை வேறு யாரும் தொடக் கூடாது என்பது கடைச் சட்டம். தாய்மாவை ஒரு தட்டில் வழித்து வைத்துவிட்டு, ஜாடியைக் கொதிக்கும் சோடாத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தார். வெளியே ஜீப் சத்தம் கேட்டது. மேசை மேல் கிடந்த மாவுத் துணுக்கு, ஈரத்துணி, அந்தத் தட்டிலிருந்தது, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் வழித்துக் குப்பைக் கூடையில் போட்டு, கூடையையும் பின்வாசல் வண்டியில் கொட்டச் சொல்லிவிட்டு, சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

அதிகாரி ஜாடிக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா ஒரு பேக்கரியை நான் பார்த்ததே இல்லைங்க" என்றார்.

ரொட்டிக்கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி நன்றி சொன்னார். சாயங்காலம் மாவு கலக்கும் நேரத்தில் ஜாடிக்கு முன்னால் போய் நின்றவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். மகன் வந்து எட்டிப் பார்த்தான். ஜாடி பளிங்கு மாதிரி இருந்தது.

"அப்பா... தட்டுல வெச்சீங்களே?"

"வெச்சேன்."

"தட்டு எங்க?"

"கழுவிட்டேன்."

அன்று இரவு மகன் நாலு தெரு தள்ளிப் போய், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில் பாக்கெட் ஈஸ்ட் வாங்கி, காய்கறிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான். காலையில் ரொட்டி வந்தது. முதல் வாடிக்கையாளரே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "என்ன அண்ணே, பஞ்சு தின்ன மாதிரி இருக்கு?" என்றார். பேச்சுக்குக் குறையே இல்லாத மனிதர் அன்று சில்லறையை மட்டும் எண்ணிக் கொடுத்தார்.

அக்காவிடம் மறைக்க முடியாது. போய்ச் சொன்னார். அவள் சிரித்து, சிரித்ததில் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"உன் கடவுள் ஊதினதை உன் கையாலேயே குப்பையில போட்டியா?"

"சிரி. நல்லா சிரி. நாளைக்கே நான் ஒரு சட்டியில கலந்து வேண்டிக்கிட்டு வெக்கிறேன் பாரு."

"நீ வேண்டாம். நான் வெக்கிறேன். ஒரு கிலோ மாவு அனுப்பு. யாரும் ஊதாம, யாரும் வேண்டாம, அது பாட்டுக்குப் பொங்கும்."

ரொட்டிக்கடைக்காரருக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. வியாபாரி அல்லவா!

"சரி, பந்தயம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டைம். அது தானா பொங்கலேன்னா என் பணத்தை நீ வாங்கிக்கணும்."

அக்கா அவரைக் கூர்ந்து பார்த்தாள். "பொங்கிட்டா?"

"பொங்கிட்டா... இனிமே அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் எதுக்கு? நீ சொன்னா போதும். ஆனா கை வைக்கக் கூடாது. மாவும் தண்ணியும் மட்டும்தான், அதுவும் நான்தான் போடுவேன்."

"வேண்டிக்கலாமா?"

"கூடாது."

"உனக்குத்தான் அதுல நம்பிக்கை இல்லையே, நான் வேண்டிக்கிட்டா உனக்கென்ன நஷ்டம்?"

அக்கா மாட்டிக்கொண்டாள். "சரி, வேண்டிக்க. பொங்கணும்னு வேண்டுவியா, பொங்கக் கூடாதுன்னு வேண்டுவியா?"

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொங்கினால் கடைக்கு உயிர் வரும். கடன் நின்றுவிடும், நிரந்தரமாக. பொங்காவிட்டால் கடன் தீரும். ரொட்டி பஞ்சாகவே இருக்கும். மறுநாள் அடுப்புக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றவர் என்ன கேட்பது என்று தெரியாமல், "உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அக்கா மேசை மேல் ஒரு கிண்ணத்தில் மாவும் தண்ணீரும் கலந்து மெல்லிய துணியால் மூடி வைத்தாள். இரண்டாம் நாளே அதில் கொப்புளம் தெரிந்தது. "பார்த்தியா! பார்த்தியா!" என்று அவள் குதிக்காத குறை. ஆய்வகத்தில் இத்தனை வருஷம் மற்றவர்கள் செய்த பரிசோதனைக்குக் குழாய் கழுவியவள். இது அவள் செய்யும் முதல் பரிசோதனை. தினமும் கொஞ்சம் மாவை எடுத்துக் கொட்டிவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்த்து, கிண்ணத்தின் வெளிப்பக்கம் மாவு நிற்கும் உயரத்துக்கு ஒரு நூலைக் கட்டி வைத்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அறை சில்லிட்டது. கொப்புளங்கள் அடங்கின. நூலுக்கு மேலே ஒரு பொட்டுகூட ஏறவில்லை. மாவின் மேல் கலங்கிய தண்ணீர் நின்றது.

ரொட்டிக்கடைக்காரர் விடிகாலையில் முதல் தட்டு ரொட்டி இறங்கியதும் அக்காவுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டுபோவது வழக்கம். அவரிடம் ஒரு சாவி உண்டு. மாத்திரையின் அசதியில் அவள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள். அன்றும் ஓசைப்படாமல் உள்ளே போனார். கிண்ணத்தின் துணியை விலக்கினார். குளிரில் சுருண்ட மாவு, சூடு இல்லாமல் எழாது. அவர் கண்ணுக்கு அது ஒரு பார்வையிலேயே தெரியும்.

மனசுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. ஜெயித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சும்மா இருந்தால் போதும்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இழுத்துப் போடப்பட்டிருந்தது. கிண்ணத்தை ஒட்டி அவளுடைய கண்ணாடி கிடந்தது. ராத்திரி வெகுநேரம் இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் போலும். அந்த நூலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள். மாவு ஏறாததால் நூலை இறக்கியிருக்கிறாள், பரீட்சையில் காப்பி அடிக்கும் பிள்ளையைப் போல.

அவர் அந்த நூலைப் பார்த்தபடி நின்றார். இவளை ஒருநாளும் தோற்றுப்போய்ப் பார்த்ததில்லை. வளையல் இல்லாத கையோடு உலை வைத்தபோதுகூடத் தோற்ற முகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கிண்ணத்துக்கு முன்னால் இவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தார். நினைத்ததும் அவருடைய கை பொட்டலத்தைப் பிரித்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த ரொட்டிகளைக் கிண்ணத்தைச் சுற்றி அணைத்து அடுக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றினார். ஸ்டூலில் உட்கார்ந்து, ரொட்டியின் சூடு ஆறும்வரை காத்திருந்தார். அவள் புரளும் சத்தம் கேட்டதும் துண்டையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு நழுவினார்.

அதற்கடுத்த நாட்களில் அவர் முன்னைவிடச் சீக்கிரமாகவும், பெரிய பொட்டலத்தோடும் போனார். "உங்க அக்கா ஒருத்தி இத்தனை ரொட்டி சாப்பிடுவாங்களா?" என்றாள் மனைவி. "கண்ணு போடாத. வயசானவளுக்குப் பசிக்கும்" என்று சீறிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் கிண்ணம். மாவு நூலைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, துணியை முட்டிக்கொண்டு நின்றது.

"என்ன சொல்ற?" என்றாள்.

"நீ ஜெயிச்சுட்டேக்கா." அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். அதே வாசனை. "இனிமே அந்தப் பேச்சு கிடையாது."

அன்று கடையில் பழைய ரொட்டி திரும்பி வந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பஞ்சு தின்றவர் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் இவர் எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். இவர் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்புக்கு ஏதாவதா?" என்று மகனிடம் தனியாகக் கேட்டவர்கள் உண்டு.

சாயங்காலம் அவர் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போனால் அந்தப் பேச்சு வாயில் வந்துவிடும் என்று பயம். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

விளக்குப் போடும் நேரம். கடை முன்னால் கூட்டம். அக்கா தெருக்கோடியிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவதை மகன்தான் முதலில் பார்த்தான். "அத்தை! நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, ஏன் வந்தீங்க?" என்று ஓடினான். அவள் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டாள்.

"என்னக்கா? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேன்ல!"

"நீதான் இன்னிக்குச் சாயங்காலம் வரலையே." வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். "எடு."

"எதை?"

"என் பணத்தை."

கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீதான் ஜெயிச்சியே. தானா பொங்குச்சே."

"எங்க தானா பொங்குச்சு? மாத்திரை போட்டா தூக்கம் வரும்னு டாக்டர் சொன்னார். வந்தாத்தானே! கிண்ணத்துக்குத் துண்டைச் சுத்திவிட்டு ஒருத்தன் ஸ்டூல்ல உட்கார்ந்து காவல் காத்ததைத் தினமும் நான் ஒரு கண்ணால பார்த்துட்டுத்தான் படுத்திருந்தேன்."

ரொட்டிக்கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "அது... சூடுதான்க்கா குடுத்தேன். வேற ஒண்ணும் பண்ணலை. பொங்கினது அதுவாத்தான் பொங்குச்சு."

"இல்லடா. யாரோ கை வெச்சிருக்காங்க. கை வெக்காம வரலை."

"அதுலயேதான் இருந்துச்சு, நீ சொன்ன மாதிரி! காத்துல இருக்குன்னியே! நான் இல்லேன்னாலும் ஒருநாள் கழிச்சு வந்திருக்கும்."

"வந்திருக்கும், வராமப் போயிருக்கும். பந்தயம் ஞாயித்துக்கிழமைக்குத்தான். நான் தோத்துட்டேன்."

"தோக்கலைக்கா நீ!" என்று அவர் கிட்டத்தட்டக் கத்தினார். "நீ சொன்னதுதான் சரி!"

சொன்ன பிறகுதான் தான் எந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அக்காவின் உதட்டோரம் துடித்தது. ரொட்டி வாங்க வந்தவர் ஒருவர், "அண்ணே, என்ன பிரச்சினை?" என்றார். "உலகம் எப்படி வந்துச்சுன்னு பேசிட்டிருக்கோம். உங்களுக்கு எத்தனை ரொட்டி?" என்றான் மகன்.

"உன் பொண்டாட்டி எல்லாம் சொன்னா" என்றாள் அக்கா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "செத்தப்புறம் நான் அங்க வர மாட்டேன்னு பயந்துட்டே இருக்கியாமே. உன் பேச்சை விட்டுட்டு என் பேச்சை நம்பி ஒருத்தன் தூங்காம இருப்பான்னு எனக்குத் தெரியாமப் போச்சுடா. கை வலிக்குது, எடு."

அவர் கல்லாவை இழுத்தார். பெரிய நோட்டுக் கட்டு ஒன்றை அப்படியே எடுத்தார். வளையலின் இன்றைய விலை அவருக்குத் தினமும் தெரியும். அதற்கு மேலேயும் எடுத்தார்.

"எண்ணூத்தி நாப்பது" என்றாள் அக்கா.

"அக்கா, அன்னிக்கு எண்ணூத்தி நாப்பதுன்னா..."

"ஒரு காசு கூடினா கையை மடக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

இன்றைக்கு எண்ணூற்று நாற்பதுக்கு என்ன கிடைக்கும்? நல்லதாக ஒரு செருப்பு கிடைக்காது. ஊரே பார்க்க இவ்வளவு சின்னக் கடனா என்று அவருக்கு ஒரு நிமிஷம் மானம் போனது. கட்டைத் திரும்ப உள்ளே போட்டார். "டேய், சில்லறை இருக்கா பாரு" என்றார் மகனிடம். மகன் நூறு நூறாகப் பொறுக்கி, இரண்டு இருபதையும் சேர்த்து அப்பாவின் கையில் வைத்தான். நோட்டுகளில் மாவு ஒட்டியிருந்தது. அவர் அவற்றை வேட்டியில் துடைத்துத் துடைத்து நேராக்கினார்.

ஒவ்வொன்றாக வைத்தார். நூறு. இருநூறு. முந்நூறு. கண்ணை மூடிக்கொண்டே கட்டுக் கட்டாக எண்ணுகிற ஆள், ஐந்நூறுக்கு அப்புறம் எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

"முதல்ல இருந்து எண்ணு" என்றாள் அக்கா. "நான் எங்கயும் போயிடலை."

அவர் நோட்டுகளை அவள் உள்ளங்கையிலிருந்து திரும்ப எடுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நூறிலிருந்து மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினார். எண்ணூறு வந்தது. ஒரு இருபது. இன்னொரு இருபது. அதையும் அந்த விரித்த கையில் வைத்தார்.